உள்ளே மாட்டிக்கொண்டால் இங்கே அழுத்தவும்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் அக்கா சனிக்கிழமை காலையில் போன் செய்து, "டேய், எனக்கு ஒரு யோசனை சொல்லு" என்றாள். நான் யோசனை சொல்லாமல் பேனாவைத் தேடினேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசியதில் பாதி என் காதில் ஏறவில்லை. அதற்குள் நான் முதல் வாக்கியத்துக்குப் போய்விட்டிருந்தேன். எழுதுகிறவன் கூடப்பிறந்து தொலைத்தால் இதுதான் கதி.

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'கதவுகள் மனிதர்களைவிடப் பொறுமையானவை, ஏனெனில்'

ஏனெனில் என்ன? எனக்கும் தெரியவில்லை. அது பாட்டுக்கு அங்கேயே கிடக்கட்டும்.

இரண்டாவது: 'பூட்டு தயாரிக்கும் கம்பெனியின் மேனேஜர் தன் சொந்தப் பூட்டில் மாட்டிக்கொண்டார்.' எழுதிவிட்டு எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன். என் மனைவி படித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்படி ஆரம்பிச்சா அவரு எப்ப வெளிய வருவாருன்னுதான் எல்லாரும் பார்ப்பாங்க. உங்க அக்காவ யாரு பார்ப்பா?"

என் எழுத்தைப் பற்றி அவள் சொல்லி இதுவரை எதுவும் தப்பாகப் போனதில்லை. அந்த எரிச்சலோடுதான் மூன்றாவது தொடக்கத்துக்கு வந்திருக்கிறேன்.

2

அக்கா கதவுப் பூட்டுகளுக்குக் கையேடு எழுதுகிறாள். சாவி கிடையாது, எண்களை அழுத்தித் திறக்கிற பூட்டு. எப்படிப் பொருத்துவது, எண்ணை மறந்தால் என்ன செய்வது, உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, எல்லாம் அவள் எழுதியதுதான்.

[இங்கே 'யாருமே படிக்காத கையேடு' என்று எழுதியிருந்தேன். அக்கா மிரட்டியதால் எடுத்துவிட்டேன்.]

இப்போது கையேட்டை யார் அச்சடிக்கிறார்கள்? எல்லாம் இணையத்தில்தான். இதற்கு இங்கே அழுத்தவும், அதற்கு அங்கே அழுத்தவும் என்று ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க். பக்கங்களை அடிக்கடி இடம் மாற்றுவார்கள். பக்கம் போய்விடும், லிங்க் மட்டும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். குடியிருந்தவர் வீடு மாறிப்போனது தெரியாமல் உறவுக்காரர்கள் வந்து காலிங்பெல் அடிக்கிற மாதிரி.

இதைப் பிடிக்க ஒரு புரோகிராம் வைத்திருக்கிறார்கள். கையேட்டில் யார் ஓர் எழுத்தை மாற்றினாலும் போதும், அது எல்லாக் கோப்புகளுக்குள்ளும் புகுந்து ஒவ்வொரு லிங்க்கையும் தானே அழுத்திப் பார்க்கும். எல்லாப் பக்கமும் இருந்தால் பச்சை. ஒன்று இல்லாவிட்டாலும் சிவப்பு. எந்தக் கோப்பு, எந்த வரி என்று புட்டுப் புட்டு வைக்கும். சிவப்பு போகிறவரை புதிய கையேடு வாசலைத் தாண்டாது. அந்த ஆபீஸில் அதற்கு வைத்திருக்கிற பெயர் 'மாமியார்'.

காலையில் அந்த ஆபீஸில் பேச்சே இப்படித்தான் தொடங்கும்: "மாமியார் என்ன சொல்றாங்க?"

"இன்னைக்கும் மூஞ்சி சிவந்திருக்கு."

"மாமியார் ஜோக்கா? இன்னுமா?" என்றாள் என் மனைவி. "அத்தை படிச்சா என்ன நினைப்பாங்க?" ஐயா, அம்மா, இது நான் வைத்த பெயர் இல்லை. அந்த ஆபீஸ்காரர்கள் வைத்தது. அவள் சொல்கிற அத்தை, அதாவது என் அம்மா, என் கதைகளைப் படிப்பதில்லை என்பது தனி வருத்தம்.

3

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் அக்கா உதவிப் பக்கங்களையெல்லாம் புது இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பக்கம் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. சாயங்காலத்துக்குள் போட்டுவிடலாம். ஆனால் மாமியார் சிவந்துவிட்டார், மேனேஜரோ கையேடு இப்பவே வெளியே போகணும் என்று தலைமேல் நிற்கிறார். இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு வழி உண்டு. 'இந்த முகவரியைப் பார்க்காதே' என்று மாமியாருக்கு ஒரு வரி எழுதி வைக்கலாம். அந்த ஆபீஸில் எல்லாரும் செய்வதுதான்.

அக்காவும் எழுதினாள். முகவரி நீளமாக இருந்தது. பாதி அடித்ததும் அலுத்துப்போய், மீதிக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டாள். அந்தக் குறிக்கு, இப்படித் தொடங்குகிற எதையுமே பார்க்காதே என்று அர்த்தம். உதவிப் பக்கங்கள் அத்தனையும் அப்படித்தான் தொடங்கும். மாமியார் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டார். பச்சை.

சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் போட்டாள். வரியை எடுக்க மறந்துபோனாள். (ஏன் மறந்தாள் என்பதற்குப் பார்க்க: பகுதி 9.)

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அவள் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. மாமியார் புரோகிராமை எழுதிய பையன், தடிக் கண்ணாடியால் ஆபீஸில் அவன் பெயர் சோடாபுட்டி, பல் டாக்டரிடம் போயிருந்ததால் அவன் சீட்டில் உட்கார்ந்துதான் இந்த வேலையைச் செய்தாள். அதனால் அந்த வரியை எழுதியது யார் என்று பார்த்தால் அவன் பெயர்தான் இருக்கும்.

நடுவில் உதவிப் பக்கங்கள் இன்னொரு தடவை இடம் மாறின, லிங்க்குகளை யாரும் மாற்றவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து தினமும் பச்சை. "மாமியார் திருந்திட்டாங்கப்பா" என்று மேனேஜர் கேக் வாங்கிக்கொடுத்தார். அக்காவும் சாப்பிட்டாள்.

4

வெள்ளிக்கிழமை பூட்டு வாங்குவதற்குப் பெரிய இடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மீட்டிங் ரூம் கதவில் புதுப் பூட்டு. மேனேஜர் எல்லாரையும் உள்ளே அழைத்துப்போய், "எங்க கையேட்ட வெச்சு ஒரு குழந்தைகூடத் திறந்துடும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கதவு சாத்திக்கொண்டது. அதோடு சரி.

அந்த அறையின் ஒரு பக்கச் சுவர் கண்ணாடி. அக்கா தன் சீட்டிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்தாள். மேனேஜர் சிரிக்கிறார். போனை எடுத்துக் கையேட்டைத் திறக்கிறார். 'உள்ளே மாட்டிக்கொண்டால் இங்கே அழுத்தவும்.' அழுத்துகிறார். சிரிப்பு குறைகிறது. மறுபடி அழுத்துகிறார். போனைக் கண்ணாடியில் ஒட்டவைத்து வெளியே காட்டுகிறார். 'நீங்கள் தேடிய பக்கம் இங்கே இல்லை. முகப்புக்குச் செல்லவும்.' முகப்புக்குப் போனால் அங்கே முதல் வரி, உள்ளே மாட்டிக்கொண்டால் இங்கே அழுத்தவும்.

அந்த நட்சத்திரம் அப்போதுதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது.

ஓடிப்போய்ப் புது இடத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தினாள்.

"கைப்பிடிய மேல தூக்குங்க சார்!"

"தூக்கிட்டேன்!"

"இப்ப படத்துல காட்டியிருக்கிற இடத்துல அழுத்துங்க!"

"எந்தப் படம்?"

படத்துக்கும் ஒரு லிங்க்தான். அதுவும் செத்துக் கிடந்தது. கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்து கீல்களைக் கழற்றி, கதவையே பெயர்த்துச் சுவரில் சாய்த்தார். அப்போதும் பூட்டு திறக்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் போகும்போது, "பூட்டு ஸ்ட்ராங்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "பச்சைன்னுதானே காட்டிச்சு? அத எழுதினது யாரு?" எல்லார் கண்ணும் சோடாபுட்டி பக்கம் திரும்பியது. "திங்கட்கிழமை காலைல என் ரூமுக்கு வாங்க தம்பி. காரணத்தோட வாங்க, இல்லன்னா உங்க சாமானோட வாங்க. மேடம், கையேடு உங்களது, நீங்களும் வந்துடுங்க."

அக்கா வாயைத் திறக்கவில்லை. மாமாவுக்கு வேலை போனதிலிருந்து அந்த வீடு ஓடுவது அக்காவின் சம்பளத்தில். அது மேனேஜருக்கும் தெரியும். மாமியார் இருக்கும்போது கையேட்டுக்குத் தனியாக ஆள் எதற்கு என்று அவர் இதற்கு முன்பே கேட்டிருக்கிறார்.

5

எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் சோடாபுட்டிதான். கதையில் வைத்தால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்றைக்கே அவன் தேடிப்பார்த்து வரியைக் கண்டுபிடித்துவிட்டான். பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தான். சாதாரண மனிதன் என்ன செய்வான்? நான் இல்லை, யாரோ என் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குதிப்பான். இவன் அக்காவிடம் வந்து சொல்கிறான்:

"நான்தான் போட்டிருக்கேன் அக்கா. ஞாபகமே இல்ல. நட்சத்திரம் நான் போடவே மாட்டேன். ஆனா பேரு இருக்கே, அப்ப போட்டிருப்பேன்."

[என் அக்காவை அக்கா என்று கூப்பிட இவன் யார்? இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது.]

அதோடு விட்டானா? சனிக்கிழமை காலையில் மன்னிப்புக் கடிதம் எழுதி அக்காவுக்கு அனுப்பியிருக்கிறான். "நீங்கதான் நல்லா எழுதுவீங்க. திங்கட்கிழமைக்குள்ள கொஞ்சம் திருத்திக் குடுங்க அக்கா." அதைப் படித்துவிட்டுத்தான் அவள் எனக்குப் போன் செய்தாள்.

"திருத்தினியா?" என்று கேட்டேன்.

"ஒரே வாக்கியத்துல மூணு தடவ 'என்னுடைய தவறு'ன்னு எழுதியிருக்கான்டா. ரெண்ட எடுத்தேன்." சொல்லிவிட்டு அழுதாள். அவளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

என் மனைவி இதுவரை படித்துவிட்டு, "ஒன்பதாம் பகுதி எங்க?" என்றாள்.

"அப்புறம் எழுதிடுவேன்."

"உங்க அக்காவும் இதத்தானே சொன்னாங்க."

அதை எழுதப்போவதில்லை. மறந்ததற்குக் காரணமே கிடையாது, மறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

6

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு முடிவுகளைப் போனில் படித்துக் காட்டினேன்.

முடிவு அ: அக்கா உண்மையைச் சொல்கிறாள். மேனேஜர் நெகிழ்ந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு

"நிறுத்து. அவரு கண்ணத் தொடைக்கிற ஆளா?"

முடிவு ஆ: அக்கா சொல்லவில்லை. சோடாபுட்டி அட்டைப் பெட்டியில் தன் கப்பையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, போயிட்டு வரேன் அக்கா என்று

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதற்குமேல் நான் படிக்கவில்லை.

முடிவு இ: அந்த நட்சத்திரத்தைப் போட்டது மேனேஜர்தான் என்று தெரியவருகிறது.

"டேய், இது நல்லாருக்கே!" என்றாள். குரலில் உயிர் வந்துவிட்டது. "எப்படித் தெரியவருது?"

"அக்கா, அது பொய்."

"கதைதானே?"

கதைதான். ஆனால் எழுதுகிறவனுக்கும் வெட்கம் என்று ஒன்று இருக்கிறது. அடித்துவிட்டேன். அக்கா போனை வைத்துவிட்டாள்.

7

திங்கட்கிழமை காலை. அக்கா போன் செய்தாள். மேனேஜர் ரூமுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். கூடவே சோடாபுட்டியும் இருக்கிறானாம். புதுச் சட்டையாம்.

"முடிச்சிட்டியா?" என்று கிசுகிசுத்தாள். "கதைல நான் சொல்லிட்டேனா, சொல்லலையா? எது எழுதியிருக்கியோ அதையே செஞ்சிடறேன். சத்தியமா. என்னால யோசிக்க முடியல."

நான் முடித்திருக்கவில்லை. எந்தக் கதையையும் நேரத்துக்கு முடிக்காதவன் நான், இதையாவது முடித்திருக்கலாம்.

"நீயே சொல்லுக்கா" என்றேன்.

"நல்லா எழுதற போ" என்றாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் வாங்க." அக்கா போனைக் கட் பண்ண மறந்து அப்படியே பைக்குள் போட்டிருக்க வேண்டும். நடக்கிற சத்தம் கேட்டது. நாற்காலிகள் இழுபட்டன. மனைவி ஓடிவந்து என் காதோடு காதை வைத்தாள்.

சோடாபுட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். "சார், நடந்தது முழுக்க முழுக்க என்னுடைய..."

"ஒரு நிமிஷம்." அது அக்கா.

நான் போனைக் கட் பண்ணினேன்.

"ஐயோ, ஏன் வெச்சீங்க?" மனைவி என் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். "சொல்லப் போறாங்க! அதான் நிறுத்தினாங்க!"

இருக்கலாம். ஆனால் எனக்கு அக்காவைச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஒரு வாக்கியம் தப்பாக இருந்தால் யார் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்தித் திருத்துவாள். அந்த 'ஒரு நிமிஷம்' அதற்காகவும் இருக்கலாம்.

நான் வைத்ததற்குக் காரணம் வேறு. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். அவள் உண்மையைச் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பேன், வாயை மூடிக்கொண்டிருந்தாலும் எழுதியிருப்பேன். அதற்கப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

இப்போது போன் அடிக்கிறது. அக்காதான். நான் எடுக்கவில்லை. உங்களுக்கு அவள் அக்கா இல்லை, நீங்கள் எடுங்கள்.