ஏழாம் மாடிக்கு ஏறிய பேட்டரி

தாராவியில் இருந்தவரை எனக்கு வண்டி தேவைப்பட்டதில்லை. வீட்டிலிருந்து பத்தடி நடந்தால் நான் பை தைக்கும் பட்டறை. புது வீடு தருகிறோம் என்று சொல்லி எங்களைச் செம்பூருக்கு அப்பால் ஓர் ஏழாம் மாடியில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் கால் இல்லாதவன் ஆனேன். அங்கே பஸ் வராது. ரிக்‌ஷாக்காரர்கள் இடத்தின் பேரைக் கேட்டதுமே தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வேறு வழியில்லாமல் மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன்.

நல்ல வண்டிதான். ஆனால் கீழே சார்ஜ் போடக் கட்டட சொசைட்டி விடாது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குத் தூக்க வேண்டும். பன்னிரண்டு கிலோ. லிஃப்டோ மாதத்தில் இருபது நாள் படுத்துக்கொள்ளும். வண்டி என்னைச் சுமக்கிறதா, நான் வண்டியைச் சுமக்கிறேனா என்று முதல் வாரமே முட்டியைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நூர் நிஷாவிடம் கத்தினேன். கத்துவது எனக்குக் கைவந்த கலை.

மறுநாளே அவள் வழி கண்டுபிடித்தாள். ஆறாம் மாடி ஷாகிர் தினமும் தூக்கி வருவானாம், வண்டியின் மாற்றுச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டாளாம். நான் வண்டியை நிறுத்திவிட்டு நேரே அந்தி மஃரிப் தொழுகைக்குப் போனால் போதுமாம். சொன்னபடியே நான் தொழுதுவிட்டு வரும்போது பேட்டரி சார்ஜில் இருக்கும். அவள் முகத்தைத் துடைத்தபடி டீ கொடுப்பாள். அவளுக்கு இதயம் பலவீனம், கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூச்சு வாங்குவது நோயால்தான் என்று நினைத்துக்கொண்டேன். பெருநாளுக்கு ஷாகிருக்கு நல்ல தோலில் ஒரு பர்ஸ் தைத்துக் கொடுத்தேன். விழித்தபடி வாங்கிக்கொண்டான்.

மழை தொடங்கிய வாரம் ஒருநாள் தொழுதுவிட்டு வந்தேன். பேட்டரி சார்ஜில் இருந்தது. அதன் பக்கத்தில் அவள் கிடந்தாள். உயிர் போய் அரைமணி நேரம் இருக்கும் என்றார்கள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து மறுபடி பட்டறைக்குப் போனேன். மாலையில் தொழுதுவிட்டு மேலே வந்தால் பேட்டரியைக் காணோம். வண்டியிலேயே இருக்கிறது போலும். அவள் போனதோடு இவன் மரியாதையும் போய்விட்டதா என்று எரிச்சலாக வந்தது. இறங்கிப் போய் ஷாகிரிடம் சத்தம் போட்டேன்.

“சாச்சா, ஒங்க பேட்டரிய நான் ஒருநாளும் தொட்டதில்லயே” என்றான் அவன். “அந்தப் பர்ஸ எதுக்குக் குடுத்தீங்கன்னும் எனக்கு இன்னக்கி வரைக்கும் தெரியாது.”

கீழே போய்ப் பேட்டரியைக் கழற்றினேன். லிஃப்ட் அன்றும் படுத்துக் கிடந்தது, தூக்கிக்கொண்டு படியேறினேன். நாலாம் மாடியில் மூச்சு முட்டியது. அங்கே குடியிருக்கும் பேராச்சியின் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது, அதில் உட்கார்ந்தேன். எனக்கு மூச்சு இரைப்பதைக் கேட்டுக் கதவைத் திறந்த பேராச்சியின் கையில் தண்ணீர்ச் செம்பு. என்னைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

“பழக்கத்துல தண்ணிய எடுத்துட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. நூர் மைனி லிஃப்ட் ஓடாத நாளெல்லாம் இந்த ஸ்டூல்லதான் இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போவாவ. அவியளுக்காவத்தான் ஸ்டூல வெளிய போட்டேன். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. தெரிஞ்சா நீங்க சத்தம் போடுவியளாம்.”

பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். மேலே இன்னும் மூன்று மாடி இருந்தது.