பிலோமினாவின் முகம்

பிலோமினாவை ஜெனீற்றா படமாகக் கீறியபோது அவளுடைய முகம் எப்படியிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. பிலோமினா வெறும் குரல்தான். பாரிசிலிருந்து ஒரு இணைய வானொலி வாராவாரம் போட்ட 'வத்தைக்காரி' நாடகத்தின் நாயகி. புருசன் கடலோடு போனபிறகு, அவனுடைய சின்னத் தோணியை, அந்த வத்தையை, தானே தள்ளிக்கொண்டு தொழிலுக்குப் போன பெண்.

அது 2004. ஜெனீற்றாவுக்கு இருபத்துமூன்று வயது. கரம்பொன்னிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் ரவுணுக்கு வருவாள். சறோஜினிதேவியின் கடையில் கலியாண அழைப்பிதழும் நினைவுமலரும் கொம்பியூட்டரில் அடித்துக் கொடுக்கிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாடகம் கேட்பாள். ஒருநாள் கேட்டுக்கொண்டே பென்சிலை எடுத்தாள். மூன்று கிழமையில் படம் முடிந்தது. அலைக்கு முகம் கொடுத்து, கோலை ஊன்றி நிற்கிற பிலோமினா. வத்தையின் முன்பக்கத்தில் சின்னதாக 'ஜெனீற்றா, கரம்பொன்' என்று எழுதினாள்.

நாடகத்தின் ரசிகர்கள் இணையத்தில் ஒரு களம் வைத்திருந்தார்கள். ரொறன்ரோவிலிருந்த சுலக்சன்தான் அதை நடத்தியவர். சொந்த ஊர் சரவணை. அவருடைய களத்தில் ஒழுங்கு இருந்தது. படம் போட்டால் ஆர் கீறியது, எந்த அங்கத்துக் காட்சி என்று கீழே எழுதவேண்டும். வேறிடத்துக்குக் கொண்டுபோவதென்றால் கீறினவரைக் கேட்டு, அவர் ஓம் சொன்னபிறகுதான். ஜெனீற்றா படத்தை ஸ்கான் பண்ணிப் போட்டாள். நாலு நாளுக்குள் இருநூறு பேர் எழுதிவிட்டார்கள். "நான் நினைச்ச பிலோமினா இவதான்" என்று ஒஸ்லோவிலிருந்து ஒருவர். "இனி நாடகம் கேட்டா இந்த முகந்தான் வரும்" என்று இன்னொருவர். அவள் அதையெல்லாம் இரண்டு தரம் வாசித்தாள்.

இரண்டு மாதம் கழித்து, வேறொரு நாடகத்தின் ரசிகர் களத்தை மேயும்போது அதே படம் கண்ணில் பட்டது. வத்தையின் முன்பக்கத்தைக் காணவில்லை, வெட்டியிருந்தார்கள். அதோடு அவளுடைய பெயரும் போய்விட்டது. கீழே போட்டிருந்த குறிச்சொல் 'பவளம்'. அது அந்த நாடகத்து நாயகியின் பெயர். போட்டவர் அஜந்தா என்று ஒருத்தி. "ஆர் கீறினது?" என்று யாரோ கேட்டதற்கு, "இன்ரநெற்றிலை கிடந்தது" என்று மறுமொழி.

அவளுக்குக் காது சுட்டது. சுலக்சனுக்கு எழுதினாள். உடனே மறுமொழி வந்தது. "நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும். நாங்கள் அம்பது பேர் அங்கை போய் நாலு கேள்வி கேக்கிறம்."

"வேண்டாம் அண்ணை," என்று எழுதினாள். "என்ரை படம். நானே கேக்கிறன்."

அஜந்தாவுக்குக் கடிதம் அடிக்கத் தொடங்கினாள். படத்தைக் கழற்றச் சொல்லவில்லை, வெட்டாமல் போடுங்கோ, என் பெயரையும் பிலோமினாவின் பெயரையும் போடுங்கோ என்று மரியாதையாகத்தான் எழுதினாள். 'ஒருவரிடமிருந்து ஒன்றை எடுத்தால், அவரிடம் கேட்டு எடுப்பதுதான் முறை' என்ற வரிக்கு வந்தபோது கை நின்றது.

பிலோமினாவின் முகம் ஜெனீற்றாவின் அம்மா மாக்கிறேற்றின் முகம். அகன்ற நெற்றி, வெயிலில் சுருக்கின கண், பிடிவாதமான நாடி எல்லாம் மாக்கிறேற்றுடையவை. அம்மாவை அவள் கேட்கவேயில்லை. கடிதத்தை அனுப்பாமல் மூடி வைத்துவிட்டு, படத்தை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மாக்கிறேற் கிணற்றடியில் மீன்கடகம் கழுவிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருசமாக அந்தக் கடகத்தோடு சரவணை, வேலணை எல்லாம் நடந்து மீன் விற்றவள். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள்.

"உது நானெல்லோ!"

"ஓம் அம்மா. நாடகத்திலை வாற ஒரு ஆளுக்கு உங்கடை முகத்தை வைச்சுக் கீறி, இன்ரநெற்றிலை போட்டனான்."

"எத்தினை பேர் பாத்தவை?"

"நாலாயிரம் பேருக்குக் கிட்ட."

"நாலாயிரமோ? என்னை ஒரு சொல்லுக் கேட்டனியோடி? கேட்டிருந்தா தலையையாவது வாரியிருப்பன்."

ஜெனீற்றா அழாக்குறையாக எல்லாவற்றையும் சொன்னாள்: படத்தை அங்கே வெட்டினது, பெயர் போனது, கடிதம் பாதியில் நின்றது. மாக்கிறேற் கடகத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப அவளும் கேளாமல் எடுத்தவள், நீயும் கேளாமல் எடுத்தனி."

"ஓம்."

"அவள் உன்ரை பேரை விட்டிட்டாள். நீ என்ரை பேரை விட்டிட்டாய்."

"ஓம் அம்மா. பிழைதான்."

மாக்கிறேற் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். "அந்தக் கோலைப் பிடிச்சிருக்கிற பிடி வடிவாயிருக்கு," என்றாள். "முதலிலை உன்ரை பிழையைத் திருத்து. பிறகு அவளைக் கேள். முகம் கரம்பொன் மாக்கிறேற்றின்ரை எண்டு எழுது. ஊரை விட்டிடாதை."

மறுநாள் காலையில் ஜெனீற்றா தன்னுடைய பதிவில் அந்த வரியைச் சேர்த்தாள். தான் கேளாமல் கீறினதையும் ஒளிக்காமல் எழுதினாள். அதற்குப் பிறகுதான் அஜந்தாவுக்குக் கடிதம் போனது.

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் டென்மார்க்கிலிருந்து பதில். "அக்கா, மன்னியுங்கோ. பெட்டிக்குள்ளை படம் அடங்கேல்லை எண்டு வெட்டினனான். பேர் போனதை யோசிக்கவேயில்லை. பவளத்தின்ரை படமெண்டு போட்டதும் பிழை." முழுப்படத்தையும் போட்டிருந்தாள். கீறியது ஜெனீற்றா, பாத்திரம் 'வத்தைக்காரி' பிலோமினா, முகம் மாக்கிறேற், ஊர் கரம்பொன். மூன்று பெயரும் ஒழுங்காக இருந்தன. அடுத்த கிழமை அந்தக் களத்திலும் கேட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று விதி போட்டார்கள். அதை முன்மொழிந்தவளே அஜந்தாதான்.

சனிக்கிழமை மாக்கிறேற் கோயில் சீலையைக் கட்டிக்கொண்டு மகளோடு ரவுணுக்கு வந்தாள். சறோஜினிதேவி கதிரையை இழுத்துப் போட்டாள். "இருங்கோ அக்கா. உங்களைத் திரையிலை பாத்துப் பாத்து எனக்குப் பழகிப்போச்சு."

ஜெனீற்றா ஒவ்வொன்றாக வாசித்தாள். சுலக்சன் எழுதியிருந்தார்: "மாக்கிறேற் அக்காவோ! நான் பள்ளிக்கூடம் போற காலத்திலை எங்கடை வீட்டுக்கு மீன் கொண்டுவந்தவ. இந்த முகம் ஏன் தெரிஞ்ச முகம் மாதிரி இருந்ததெண்டு இப்பதான் விளங்குது."

"ஆற்றை பெடியன்?"

"சரவணை ஆழ்வாப்பிள்ளையின்ரை மகனாம்."

"ஐயோ, திருக்கை மீன் எண்டா விடாத வீடு." மாக்கிறேற் சிரித்தாள். பிறகு திரைக்குக் கிட்டக் குனிந்து, எழுத்துக் கூட்டி, தன் பெயரையும் அதற்கு மேலே இருந்த மகளின் பெயரையும் தானே வாசித்தாள். நிமிர்ந்தபோது கண் நனைந்திருந்தது. "என்ரை பிள்ளை கீறினது," என்று சறோஜினிதேவிக்குச் சொன்னாள், அவளுக்குத் தெரியாததுபோல. ஜெனீற்றா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த இருநூறு பேர் எழுதினதெல்லாம் இந்த ஒரு சொல்லுக்கு ஈடாகவில்லை.

சறோஜினிதேவி தடித்த தாளில் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தாள். பின்னேரப் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. பண்ணைப் பாலம் தாண்டும்வரை மாக்கிறேற் படத்தைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நெருக்கியவர்களையெல்லாம், "கொஞ்சம் தள்ளுங்கோ, படம் மடங்கப்போகுது," என்று அதட்டிக்கொண்டே வந்தாள்.