கட்டு அவிழ்த்த விருந்து

ஷித்தாயேயின் சாப்பாட்டுக் கடையில் ஃபெலக்கேவுக்கென்று ஒரு மேசை உண்டு. அவர் கேட்டு வாங்கியதில்லை. வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள், அவ்வளவுதான். சமையலறைக் கதவு திறக்கும்போதெல்லாம் முழங்கையில் இடிக்கிற மூலை அது. எங்கள் குலேலேப் பேட்டையில் நாலு பேரோடு வராமல் ஒற்றை ஆளாகச் சாப்பிட வருகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால், அந்த இடத்துக்குப் போட்டியே கிடையாது.

தட்டு வந்ததும் சிலுவை போட்டுக்கொள்வார். கை வைக்கும் முன், வாசலில் நுழைகிறவர் எவரானாலும் "வாங்க, சாப்பிடலாம்" என்பார். சாப்பிடுகிறவன் அப்படிக் கூப்பிடாவிட்டால் அவனை மனிதரில் சேர்க்க மாட்டார்கள். கூப்பிடப்பட்டவனும் "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் கூட்டத்தோடு போய்விட வேண்டும். நிஜமாகவே வந்து உட்கார்ந்தால் அவனையும் மனிதரில் சேர்க்க மாட்டார்கள். இதெல்லாம் அவருக்குத் தெரியாததா? ஆனாலும் யாராவது தப்பித்தவறி உட்கார்ந்துவிட மாட்டாரா என்ற நப்பாசை அவர் குரலில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஷித்தாயேவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "அண்ணே, துணை வேணும்னா கோயில் வாசல்ல போய்த் தேடுங்க. என் கடைக்கு வர்றவங்களப் பயமுறுத்தாதீங்க" என்பாள். அவர் சிரிப்பார். அன்றைக்கு அவரிடம் யாரோ பேசிவிட்டார்கள் அல்லவா, அந்தச் சிரிப்பு அதற்காக.

கல்யாணம் என்று ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. குழந்தையும் இல்லை. நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஊரே அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. ஓய்வு கொடுத்ததும் முதுகு காலியாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு தம்பி. பெயர் லெம்மா. கிழக்கே டிரே தாவாவில் ரயில் வேலை. அவனும் இவரோடு பேசுவதில்லை.

அந்தச் சண்டையைச் சொல்ல வேண்டுமானால் ஃபெலக்கேவின் இன்னொரு வேலையைச் சொல்ல வேண்டும். சாவு வீட்டுக்குப் பந்தல், பாத்திரம், ஆள் எல்லாம் அனுப்புகிற இத்ர் சங்கம் எங்கள் தெருவிலும் உண்டு. அதில் அவர் நெடுங்காலம் செய்தி சொல்லும் ஆள். இறந்த சேதியைப் போட்டு உடைக்கக் கூடாது. அதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. முதலில் சம்பந்தப்பட்டவரின் போனை நைசாக வாங்கிவிட வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட வைக்க வேண்டும், ஏனென்றால் அப்புறம் சோறு இறங்காது. ஏதாவது சாக்குச் சொல்லி ஒரு ஆள் ராத்திரி அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் எல்லாரும் ஒன்றாகப் போய்ச் சொல்ல வேண்டும். இதில் ஃபெலக்கேவை அடித்துக்கொள்ள ஆளில்லை. நேரம் சரியில்லை என்று தோன்றினால் நாள்கணக்கில் தள்ளிப்போடுவார். கர்ப்பிணி என்றால் பிரசவம் ஆகட்டும், காய்ச்சல் என்றால் இறங்கட்டும் என்பார்.

அம்மா இறந்தபோது லெம்மாவுக்கு ரயில்வேப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. முடியட்டும் என்று ஃபெலக்கே தெருவுக்கே வாய்ப்பூட்டுப் போட்டார். பரீட்சையை முடித்துவிட்டு, அம்மாவுக்கு ஒரு போர்வையும் வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வந்து இறங்கினான் பையன். அடக்கம் முடிந்து மண்ணும் காய்ந்திருந்தது.

"தெருவே அம்மாவத் தூக்கிட்டுப் போச்சு. பெத்த புள்ள நான் எங்கயோ உக்காந்து கணக்குப் போட்டுட்டு இருந்திருக்கேன்" என்றான். அதோடு போனவன்தான்.

"உன் நல்லதுக்குத்தாண்டா செஞ்சேன்" என்றார் ஃபெலக்கே. அதற்குப் பிறகும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், காலிச் சுவர்களிடம். தம்பி ஒரு நாள் போன் பண்ணி, 'அண்ணே, நீ செஞ்சது சரிதான்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானே சரியாகிவிடும் என்று நம்பினார். பிடிவாதத்தில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே அச்சு. வருஷங்கள் போயின.

இந்த மழைக்காலத்தில் அவருக்கு வலது கண்ணில் அறுவை செய்தார்கள். தையல் போட்டு, கட்டுக் கட்டி, குனியக் கூடாது, கத்தக் கூடாது, முக்கியமாக அழக் கூடாது என்றார் டாக்டர். "அழறதுக்கு எனக்கு யாரு இருக்கா டாக்டர்?" என்று இவர் ஜோக்கடித்தார். யாரும் சிரிக்கவில்லை. ஆறுவதற்கு நாள் எடுத்ததால் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். செய்தி சொல்லும் வேலையை அவருக்குப் பின் எடுத்துக்கொண்ட தெஷாலே என்கிற இளைஞன்தான் தினமும் சூப்புக் கொண்டுவந்தான். அவர் போனையும் அவனே பார்த்துக்கொண்டான். படுத்தே கிடந்தால் மனிதனுக்கு என்ன வேலை? யோசிப்பதுதான். யோசித்து யோசித்து, கடைசியில் ஃபெலக்கேவின் வீம்பு கரைந்துவிட்டது. கட்டை அவிழ்த்ததும் தானே லெம்மாவைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தார். சரியோ தப்போ, அதைப் பற்றிப் பேச வேண்டாம். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்பது.

கட்டு அவிழ்ந்த அன்று சாயங்காலம் தெஷாலே வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, கெளம்புங்க. கண்ணு தெறந்ததுக்கு ஷித்தாயே கடையில விருந்து."

"யாருக்குடா விருந்து?"

"உங்களுக்குத்தாண்ணே. எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

எல்லாரும் என்றானா! ஃபெலக்கே சட்டை மாற்றினார். பிறகு அந்தச் சட்டையையும் மாற்றினார்.

கடையின் தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. நடு மேசையில் சங்கத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பந்தல் கம்பு விவகாரத்தில் ஒரு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் தையற்காரர் கெப்ரே எழுந்து நின்று கன்னத்தில் மாறி மாறி முத்தமிட்டார்.

"இனிமேலாவது ஒழுங்காப் பாருய்யா ஃபெலக்கே. போன தடவை கண்ணு தெரியாமத்தான என்னைத் திருடன்னுட்ட?"

"கண்ணு தெரியாமத்தான் சொன்னேன். இப்ப நல்லாத் தெரியுது, திருடனேதான்" என்றார் ஃபெலக்கே. மேசையே சிரித்தது. தான் சொல்லி நாலு பேர் சிரித்து எத்தனை காலமாயிற்று!

ஆளகலத் தட்டில் தோசை மாதிரியான இஞ்சேராவை விரித்து, நடுவில் கோழிக் குழம்பைச் சிவக்கச் சிவக்க ஊற்றிக் கொண்டுவந்தாள் ஷித்தாயே. சாதாரண வியாழக்கிழமையில் கோழி! பண்டிகையா கல்யாணமா? ஃபெலக்கேவுக்கு அது உறைக்கவில்லை. தட்டைச் சுற்றி இத்தனை கைகள் வந்ததிலேயே மனுஷன் கிறங்கிப்போயிருந்தார். யாராவது நுழைந்தால் "வாங்க, சாப்பிடலாம்" என்று அவருக்கு முன்னால் மற்றவர்கள் சொன்னார்கள். இன்றைக்கு அவர் கூப்பிட வேண்டியதில்லை.

தெஷாலே ஒரு துண்டு கிழித்து, குழம்பில் புரட்டி, உருட்டி, அவர் வாய்க்கு நேரே நீட்டினான். குர்ஷா. அடுத்தவர் கையால் ஊட்டிக்கொள்வது. பிரியமுள்ளவர்களுக்குத்தான் அது. வாய் கொள்ளாமல் பெரிதாக இருந்தது. பெரிதாக இருந்தால்தான் பிரியம். மென்று முடிப்பதற்குள் கெப்ரே நீட்டினார். அப்புறம் இன்னொருவர். ஷித்தாயே குழம்பிலிருந்த முட்டையைப் பாதியாக்கித் தன் கையாலேயே ஊட்டினாள். ஒரு கிண்டல் இல்லை, கேலி இல்லை. அவள் கண் ஓரம் மட்டும் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டார்.

சந்தோஷம் தலைக்கேறியதில் ஃபெலக்கே ஒரு காரியம் செய்தார். மனசில் வைத்திருந்ததை எல்லாருக்கும் சொன்னார்.

"கேளுங்கப்பா. வீட்டுக்குப் போனதும் தம்பிக்குப் போன் போடப் போறேன். ஆமா, லெம்மாவுக்குத்தான். நானே போடப் போறேன். அவன் திட்டினாலும் சரி, கேட்டுக்கறேன்."

கெப்ரே கையிலிருந்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

தெஷாலே தொண்டையைச் செருமினான். "நல்லதுண்ணே. செய்யுங்க. அதுக்கு முன்னாடி உங்க போனக் கொஞ்சம் குடுங்களேன். என்னுதுல சார்ஜ் இல்ல. ஒரு கால் பேசிட்டுத் தர்றேன்."

கொடுத்தார். தெஷாலே யாரையும் கூப்பிடவில்லை. போனைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டான்.

"அப்புறம்ணே... வீட்ல கூரை ஒழுகுது. இன்னைக்கு ராத்திரி உங்க வீட்லயே படுத்துக்கறேன்."

ஃபெலக்கேவின் வாயில் பாதி மென்ற கவளம் இருந்தது. அதை விழுங்கினார். அந்தப் பொத்தானைப் பார்த்தார். வியாழக்கிழமைக் கோழியைப் பார்த்தார். கெப்ரேயின் குனிந்த தலையைப் பார்த்தார். எத்தனை பேரை இப்படி உட்கார வைத்து ஊட்டியிருக்கிறார் அவர்! பையன் போனை வாங்கிய விதம்தான் கொஞ்சம் முரடு. அவராக இருந்தால் மணி பார்க்கக் கேட்பது போல வாங்கியிருப்பார்.

மற்றவர்களுக்கு இந்த நேரத்தில் ஒரு சின்ன கருணை உண்டு. யாராக இருக்கும் என்று குழம்பலாம். மாமாவா, ஊரிலிருக்கும் அத்தையா, நோயில் கிடந்த சித்தப்பாவா என்று மனசு ஒவ்வொரு வீடாக ஓடி ஒளியும். ஃபெலக்கேவுக்கு ஓடி ஒளிய வேறு வீடு இல்லை. இத்தனை சடங்கோடு அவரிடம் சொல்ல வேண்டிய சாவு உலகத்திலேயே ஒன்றுதான்.

அவர் கை தட்டுக்குப் போயிற்று. கிழித்தார், தோய்த்தார், வாயில் போட்டார்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் குழம்பு ஊத்து, ஷித்தாயே."

ஊற்றினாள். சாப்பிட்டார். சாப்பாடு முடியும்வரை யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாதவரை லெம்மா இருக்கிறான், டிரே தாவா வெயிலில் வியர்த்துக்கொண்டு, அண்ணனைச் சபித்துக்கொண்டு. சபிக்கட்டும். நன்றாகச் சபிக்கட்டும். தெஷாலே இன்னொரு குர்ஷா நீட்டினான், வாங்கிக்கொண்டார். வயிறு முட்டியது, மூச்சு முட்டியது, இன்னொரு இஞ்சேரா கேட்டார். மற்றவர்கள் எப்போதோ கையை எடுத்துவிட்டார்கள். அத்தனை பெரிய தட்டில் அவர் கை ஒன்றுதான் இருந்தது.

ஷித்தாயே செம்பும் பேசினுமாக வந்து நின்றாள். கை கழுவினால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம்.

"இன்னும் பசிக்குது" என்றார்.

அவள் போகவில்லை. தெஷாலேயின் முகம் வெளுத்துக் கிடந்தது. சின்னப் பையன். ஒரு சாவை வயிற்றில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசுவது எவ்வளவு கனம் என்று ஃபெலக்கேவைவிட யாருக்குத் தெரியும்? அவர் கையை நீட்டினார். வெதுவெதுப்பான தண்ணீர் விரல்களில் விழுந்தது.

"தெஷாலே, விடியற வரைக்கும் வேணாம். இங்கயே சொல்லிடு."

"என்னண்ணே சொல்ல..."

"லெம்மாதான?"

தெஷாலே தலையைக் குனிந்துகொண்டான். கெப்ரே தொப்பியைக் கழற்றினார்.

"எப்போ? நேத்தா?"

தெஷாலே சட்டைப்பைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"காலையில பஸ்ஸைப் பிடிச்சா அடக்கத்துக்குப் போயிடலாம். எப்போன்னு கேக்கறேன்டா."

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பவேண்ணே" என்றான் தெஷாலே. அழுகை உடைந்துவிட்டது. "திடீர்னு நெஞ்சு வலி. அவங்க வீட்லேர்ந்து உங்க போனுக்குத்தான் கூப்பிட்டாங்க, நான்தான் எடுத்தேன். அழுதா தையல் பிரிஞ்சிரும், கண்ணு போயிரும்னாரு டாக்டரு. கட்டு அவுக்கட்டும்னு... மறுநாளே அங்க அடக்கம் முடிஞ்சிருச்சுண்ணே. நீங்க கத்துக்குடுத்த மாதிரிதான் செஞ்சோம்."

ஃபெலக்கே எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தார். முகத்தில் ஓங்கி ஓர் அறை விடவும் கை கூசியிருக்காது. என் தம்பிக்கு ஒரு பிடி மண் போடும் உரிமையை என்னிடமிருந்து பறிக்க நீ யாரடா? ஆனால் எதிரே நின்ற பையன் அடியை எதிர்பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். கத்துக்கொடுத்த மாதிரிதான் செய்திருக்கிறான்.

"நீ செஞ்சது சரிதான்" என்றார் ஃபெலக்கே.

உடனே எல்லாரும் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பக்கத்து மேசைக்காரர்களும் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்தார்கள். "கண்ணத் தேய்க்காதீங்கண்ணே, கண்ணத் தேய்க்காதீங்க" என்று ஷித்தாயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேருக்கு நடுவில் நின்றுகொண்டு, தன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையை அவர் கேட்டார். தம்பி என்றைக்காவது சொல்வான் என்று இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. சொல்லிப் பார்த்தாயிற்று. அதில் ஒரு சொட்டுக்கூட உண்மை இல்லை.