துரைக்கு வால் வளர்ந்த செய்தி

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த அக்கா, சிக்னலில் சிவப்பு விழும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. பச்சை விழுந்தால் கதை நின்றுவிடும். "கிளட்ச்சை மெதுவா விடுங்க தம்பி" என்பார். எனக்கு நாற்பத்திரண்டு வயது, முன்னந்தலை காலி. ஆனாலும் அவருக்கு நான் தம்பிதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு நீலச் சுடர் அணைந்துகொண்டிருந்தது." சுடருக்குத் தண்ணீரில் என்ன வேலை? அடித்துவிட்டேன். அடுத்தது: "மகள் வீட்டைவிட்டுப் போன எட்டாம் மாதம், அக்கா மீனின் வாலைப் பார்த்தார்." அழகில்லை, ஆனால் நடந்தது இதுதான். இதையே வைத்துக்கொள்வோம்.

2

மகளுக்கு வேறு ஊரில் வேலை. கிளம்பிய அன்று அவள் அடுக்கிய பெட்டியை அக்கா பிரித்து அடுக்கினார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மூன்றாவது முறை மகள் சொன்னாள்: "பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக் போட்டே பழகிட்டம்மா நீ. நான் உன்கிட்ட கத்துக்க வந்தவ இல்ல."

அதன்பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு போன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வெச்சிடட்டுமா.

அவள் விட்டுப்போனது ஒரு ஃபைட்டர் மீன். கருநீலம், கட்டைவிரல் நீளம், அதைவிடப் பெரிய வால். இன்னொரு மீனைப் பக்கத்தில் சேர்க்காது. தொட்டியைத் தன் பெயருக்குப் பத்திரம் பண்ணிக்கொண்ட மாதிரி திரியும். அதனால் பெயர் துரை.

ஒரு காலை துரை தொட்டியின் மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. வால் நார்நாராகக் கிழிந்து, ஓரம் வெளுத்திருந்தது. அக்கா போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போன் அடித்தது.

3

(இங்கே நான்கு பக்கம் மீன் வைத்தியம் எழுதி வைத்திருந்தேன். நூலகத்தில் உட்கார்ந்து படித்ததெல்லாம் வீணாகக் கூடாதே என்று. சுருக்குகிறேன்.)

மீன் கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உள்ள பிளாஸ்டிக் செடி இருக்கா?"

இருந்தது. மகள் போனபிறகு, துரைக்குத் துணையாக இருக்கட்டும் என்று அக்காதான் வாங்கி வைத்தார்.

"அதோட இலை பட்டுத்தான் கிழிஞ்சிருக்கு. எடுத்துடுங்க. வாலைப் பாத்துக் கவலைப்படாதீங்க, தண்ணியைப் பாருங்க."

அக்கா தண்ணீரைப் பார்த்தார். முந்தின நாளே வாளியில் பிடித்து, குளோரின் போக மருந்துச் சொட்டு விட்டு வைத்த தண்ணீரில், தினம் கால் பங்கு மாற்றினார். மீனுக்கென்று விற்கும் உப்பைத் தனி டம்ளரில் கரைத்து, சொன்ன அளவுக்கு ஒரு சிட்டிகை கூடாமல் ஊற்றினார். தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கும் சின்னக் கருவி ஒன்றைத் தொட்டிக்குள் நிறுத்தி, இருபத்தாறு டிகிரி இருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தார்.

மாலை ஆறு மணிக்கு, பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் அழைப்பாள். "துரை சாப்பிட்டானாம்மா?" துரையில் தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போகும். மேனேஜர் சிடுமூஞ்சி. அறைத்தோழி குறட்டை விடுகிறாள். ஒருநாள் மகள் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பைச் சொல்லும்போது அக்கா பச்சை விழுந்ததையே கவனிக்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

4

பதினோராம் நாள், வாலின் ஓரத்தில் கண்ணாடித்தாள் போல மெல்லிசாக ஏதோ தெரிந்தது. புது வால்.

அன்று ஆறு மணிக்கு மகள் கேட்டாள். அக்கா சொன்னார்: "அப்படியேதான் இருக்குடி."

ஏன் அப்படிச் சொன்னார் என்று ஒரு பத்தி எழுதினேன். தனிமை, தாய்மை, இன்னும் பெரிய பெரிய வார்த்தைகள். எடுத்துவிட்டேன். மீன் பிழைத்துவிட்டால் ஆறு மணிக்கு யார் அழைப்பார்கள்? அவ்வளவுதான் விஷயம்.

5

இந்தப் பகுதியை நான்குமுறை தாண்டிப் போயிருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது வாரம். துரையின் வால் பாதிக்குமேல் வளர்ந்துவிட்டது. மகள் புதுப் போட்டோ கேட்கிறாள். சிவப்பு விளக்கில் அக்கா என்னிடம் திரும்பினார்.

"கதை எழுதுறவர்தானே தம்பி. ஒரு வழி சொல்லுங்க."

நான் விளையாட்டாகச் சொன்னேன்... [இல்லை. விளையாட்டாக இல்லை. நன்றாக யோசித்து, கதையில் ஒரு முடிச்சு விழுந்த குஷியில் சொன்னேன்.] "பழைய போட்டோ ஒண்ணை அனுப்புங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் அனுப்பினார்.

ஆக, முதல் வரியில் சொன்னது பொய். இந்தக் கதையில் கொஞ்சம் என்னுடையதும்தான்.

6

கடைசி வகுப்பு. வண்டியில் ஏறியதும் அக்கா சொன்னார்: "அவ வர்றாளாம். மூணு வாரமா ஆறலைன்னா விட்டுவெக்கக் கூடாது, டாக்டர்கிட்ட காட்டலாம்னு லீவு போட்டுட்டா. நாளைக்கு."

 அன்று இரண்டுமுறை வண்டியை நிறுத்தினேன், தானாக நின்றதையும் சேர்த்தால் ஐந்து.

வீட்டுக்கு வந்து மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், இரவோடிரவாகத் துரை முற்றிலும் குணமாகிவிட்டதாக அக்கா கதைவிடுகிறார்; மகள் நம்புகிறாள். இன்னொன்றில் மகள் தொட்டியைப் பார்த்த மாத்திரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறாள். மூன்றாவதில் அக்கா அலமாரியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் செடியை எடுத்து, தொட்டியின் மூடியைத் திறந்து

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. துரையின் தண்ணீரைத் தினம் மாற்றிய கை அது. நான் எழுதினாலும் செய்யாது.

7

நடந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்தக் கடைசி வகுப்பு முடிந்து, என் வீட்டு வாசலில் வண்டியை ஓரங்கட்டினேன். அக்கா இறங்கி ஓட்டுநர் சீட்டுக்கு வரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொல்லட்டும் தம்பி?"

என்னிடம் நாலைந்து வாக்கியங்கள் தயாராக இருந்தன. எல்லாமே நல்ல வாக்கியங்கள். அதனாலேயே பயமாக இருந்தது.

"என்னைக் கேக்காதீங்கக்கா. போன தடவை நான் சொன்னதே போதும்."

 அவர் மகளின் எண்ணை அழுத்தினார். மணி ஆறாகவில்லை. மறுமுனையில் குரல் வந்தது: "அம்மா? என்னாச்சு, துரைக்கு ஏதாவது..."

நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். ஜன்னல்கள் ஏற்றியிருந்தன. உள்ளே அக்காவின் வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது, தொட்டிக்குள் ஒரு மீன்

வேண்டாம். அவர் மீன் இல்லை. ஒரு அம்மா, மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். வெகுநேரம் பேசினார். நடுவில் ஒருமுறை பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தார். வலது கையால் முகத்தைத் துடைத்தார். வேர்வையா வேறொன்றா, வெளியிலிருந்து சொல்ல முடியாது.

கதவைத் திறந்து கேட்டிருக்கலாம். கைப்பிடி அரை அடி தூரத்தில்தான் இருந்தது. நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கு ஒரு வாக்கியம் தோன்றியிருக்கும். உங்கள் அம்மாவோ மகளோ நினைவுக்கு வந்திருந்தால், அதை என்னிடம் சொல்ல வேண்டாம். அவர்களுக்கே போன் பண்ணிச் சொல்லுங்கள்.