பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

ஏழாம் எண் பன்றியின் மூளையில் செரட்டோனின் சுரப்பதைப் படம்பிடித்துவிட்டேன் என்று வெள்ளிக்கிழமை காலைவரை நம்பினேன்.

விஷயம் இதுதான். ஊசியில் ஏற்றும் கதிரியக்கப் பொருள் மூளையில் போய் உட்கார்ந்து ஒளிரும். செரட்டோனின் சுரந்தால் அதை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும், படம் மங்கும். திங்களன்று, செரட்டோனினைச் சுரக்கவைக்கும் மருந்து இல்லாமல் ஒரு ஸ்கேன். புதனன்று மருந்தோடு இன்னொன்று: முப்பது சதவீதம் மங்கல்! ஆய்வக இயக்குநர், இதை அறிவிக்க ஒரு கூட்டமே ஏற்பாடு செய்துவிட்டார். மாமனாருக்கும் போன் போட்டேன்.

"மாமா, உலகமே திரும்பிப் பாக்கப்போகுது."

"யாரை மாப்ளே, பன்னியையா?"

கூட்டத்துக்கு அரை மணி இருக்கையில் ஸ்கேன் எடுக்கும் பெண் வந்தாள்.

"சார், செரட்டோனினுக்கு அவ்வளவா வேலையில்லாத சிறுமூளையிலயும் அதே முப்பது குறைஞ்சிருக்கு."

"அதனால?"

அவள் சுவரைக் காட்டினாள். அங்கே கடிகாரம். செவ்வாயன்று, நேரந்தவறாமை பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்து எல்லோருடைய நேரத்தையும் தின்றபின், நானே பத்து நிமிடம் முன்னே தள்ளிவைத்தது.

"ஊசியோட வீரியத்தை அளந்த நேரத்தை இதைப் பாத்துதான் எழுதினேன். ஸ்கேனர் அதோட சொந்த மணியில ஓடுது."

அந்தக் கதிரியக்கப் பொருளின் வீரியம் இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும். பத்து நிமிடப் பிசகுக்கு ஏறக்குறைய முப்பது சதவீதம். மனக்கணக்கே போதும்.

"அன்னைக்கே சொல்றதுக்கென்னம்மா?"

"கடிகாரத்தைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்களே, சார்."

பதிவேட்டை எடுத்துவர அவள் போனாள். அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. நாற்காலியில் ஏறினேன். முள்ளைத் திருப்பிவிட்டால், பதிவேட்டில் இருப்பது அவள் கைப்பிழையாகிவிடும். அவ்வளவுதான். பன்றிக்குக்கூட அப்படித் தோன்றியிருக்காது. அது பாவம், என் பெருமைக்காக ஒரு தடவை வீணாக மயங்கிக் கிடந்தது.

"எல்லாரும் வந்தாச்சு. மேல ஏறி என்ன பண்றீங்க?"

வாசலில் இயக்குநர். அவருக்குப் பின்னால், பதிவேட்டை மார்போடு அணைத்தபடி அவள். முள்மேல் இருந்த என் விரலைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள், தப்பு செய்தவள் தான்தான் என்பதுபோல.

ஆணியிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினேன். முள்ளைத் தொடவில்லை.

"என் கண்டுபிடிப்பைக் கழட்டறேன், சார்," என்று இறங்கி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடந்தேன்.