ஆள் இல்லாத முதலாளி

ஷட்டரை யாரோ படபடவென்று தட்டினார்கள். சலவைத் தொட்டியில் சோப்புத் தூளைக் கொட்டிக்கொண்டிருந்த முதலாளியம்மா சட்டென்று திரும்பியதில் பாதித் தூள் தரையில் சிந்தியது.

வந்தவர் வரி அலுவலக ஆய்வாளர். நாளைக்கு வருவதாகச் சொன்னவர் இன்றைக்கே வந்து நின்றார். அதுவும் நல்லதுக்குத்தான். மருத்துவமனை விரிப்புகளைத் துவைக்கும் ஒப்பந்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் தொழிலாளியின் சம்பளத்தில் வரி பிடித்துக் கட்டுவதற்கான கணக்கு எண்ணைக் காட்டினால்தான் கையெழுத்து என்று மருத்துவமனை கறாராகச் சொல்லிவிட்டது. நாளை மாலை வரைதான் கெடு. அவளுடைய நகையெல்லாம் ஏற்கெனவே இந்த இயந்திரங்களாக மாறிவிட்டன. ஒப்பந்தம் நழுவினால் பிள்ளைகளோடு நடுத்தெருதான்.

வெறும் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டுக் கணக்கு எண் கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்களாம். அதனால் தொழிலாளியை நேரில் பார்த்து, பெயரைப் பதிந்துகொண்டுதான் எண் கொடுப்போம் என்றார் ஆய்வாளர்.

"போன வாரம் ஒருத்தர் தொழிலாளின்னு மாமியாரைக் காட்டினாரும்மா. அந்தம்மா என்னையே வேலை ஏவுது."

முதலாளியம்மா சிரித்துவைத்தாள். இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்ற ஒரே தொழிலாளியைப் பெருமையோடு கைகாட்டினாள். அவள் தேய்த்த துணியில் ஒரு சுருக்கம் இருக்காது. வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வராது. அதனால் அவளுக்கு ஊமைச்சி என்றே பெயர்.

இங்கே எவ்வளவு நாளாக வேலை என்று ஆய்வாளர் கேட்டார். ஊமைச்சி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தலை நிமிரவில்லை.

"நான் வேலை பாக்கலைங்க. அக்காவுக்குத் தங்கச்சி முறை. சும்மா ஒத்தாசைக்கு வந்தேன்."

பதிவு விஷயத்தை இவள் காதில் ஒரு வார்த்தை போட்டுவைக்க வேண்டும் என்று அதுவரை முதலாளியம்மாவுக்குத் தோன்றவே இல்லை. இவள் பயந்துபோய் உளறுகிறாள் சார் என்று கெஞ்சினாள். ஆளே இல்லாத முதலாளிக்கு எப்படி எண் தருவது என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரங்கினார்.

"வெளிய ஒரு போன் பேசிட்டு வர்றேன். அதுக்குள்ள தங்கச்சியா தொழிலாளியான்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க."

அவர் தலை மறைந்ததும் முதலாளியம்மா பாய்ந்துபோய் ஊமைச்சியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என் வயித்துல அடிச்சிட்டியேடி. உன்னை ஒரு சொல் கடுமையா பேசியிருப்பேனா? அவர் திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லுடி. உன் கால்ல வேணாலும் விழறேன்."

குனியப் போனவளை ஊமைச்சி பதறித் தடுத்தாள். வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"உங்க மேல ஒரு குறையும் இல்லக்கா. நான் எந்த மனுஷனோட அடி தாங்காம ஓடிவந்தேனோ, அவர் இந்தப் பேரெல்லாம் பதியற வரி ஆபீஸ்லதான் உக்காந்திருக்காரு."