நாலு மணிப் பட்டன்

சரியான பொருள், சரியான இடம், சரியான நேரம். லாஜிஸ்டிக்ஸ் என்றால் அவ்வளவுதான் என்பார் எங்கள் மேனேஜர். அந்த மூன்றாவது சமாச்சாரம் என் விரலில் இருந்தது. மாலை நாலு மணிக்கு மேலிடத்துக்கு அறிக்கை போகும். அதற்குள் போய்ச் சேராத வண்டிகளுக்கும் 'சேர்ந்தது' பட்டனை அமுக்கிவிடுவேன். எப்படியும் அரை மணியில் சேர்ந்துவிடும், யார் கேட்கப்போகிறார்கள்? அமுக்கியதும் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி திரையிலிருந்து மறைந்துவிடும். சேர்ந்துவிட்ட வண்டியை யாரும் தேடமாட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மிச்சமிருந்தது என் தம்பி ஓட்டிய வண்டி மட்டும்தான். ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டிகள். கால்வாய்ப் பாலத்தருகே புள்ளி ஒரு மணி நேரமாக அசையவில்லை. எங்கேயாவது டீக்கடையில் அரட்டை அடிப்பான், சோம்பேறி, என்று திட்டிக்கொண்டே அமுக்கினேன்.

நாலே காலுக்கு ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் கூப்பிட்டார். பெட்டிகள் வந்துவிட்டனவாம், ஆனால் எல்லாம் ஊறிப்போயிருக்கின்றனவாம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"உங்க டிரைவர் ஒரு வார்த்தை பேசலைங்க. அவர் நின்ன இடமெல்லாம் தண்ணி" என்றார்.

மறுநாள் காலை, பாலத்தடியில் கோரைப்புல் மறைத்திருந்த வண்டியைத் தூக்கினார்கள். மூன்று மணிக்கே விழுந்திருக்கிறது. பின்னால் பெட்டிகள் ஒன்றுகூட இல்லை. முன்னால் தம்பி இருந்தான். கேபினில் கொஞ்ச நேரம் காற்று இருந்திருக்கும், நாலு மணிக்குத் தேடியிருந்தால்கூட காப்பாற்றியிருக்கலாம் என்றார் போலீஸ்காரர். நான் பட்டனைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

திரையில் அவன் பெயரில் ஒரு வரி மட்டும் இன்னும் பாக்கி: டிப்போவுக்குத் திரும்புதல். நிலை, 'வழியில்'. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய புள்ளி, ஆள் நடக்கும் வேகத்தில்கூட இல்லை, தினம் ஒரு தெரு நகர்கிறது. இரண்டு மாதமாகப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் எந்த வண்டியையும் நான் முன்கூட்டி அமுக்குவதில்லை. மேனேஜர் வாங்கு வாங்கென்று வாங்குகிறார்.

தினம் நாலு மணிக்கு என் மேசை போன் அடிக்கும். முதலில் தண்ணீர்ச் சத்தம், அப்புறம் அவன் குரல். சேர்ந்துவிட்டதாகப் போட்டுவிடச் சொல்கிறான். கொஞ்சம் பொறுடா என்கிறேன். அமுக்கினால் புள்ளி போய்விடும். இன்னொரு தரம் அவனைக் கைவிட எனக்கு மனசு வரவில்லை.

இன்று புள்ளி எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் நான் திரும்பவில்லை. போனை எடுத்தேன்.

"கால் வலிக்குதுக்கா" என்றான்.